பசை உலரும் நேரம்

பெனிஷில் காற்று இல்லாத நாள் கிடையாது.
கராஜ் கதவைப் பாதி இறக்கி வைத்துத்தான்
ரப்பர் நீச்சலுடைகளை ஒட்டித் தைக்கிறேன்.
பாறை கிழித்தது, பலகை கிழித்தது,
குளிரில் விறைத்து அவசரமாய்க் கழற்றிய
சொந்தக்காரன் கையே கிழித்தது,
எல்லாம் இந்த மேசைக்குத்தான் வரும்.
முழங்கால்தான் அதிகம்.

பசைக்கு ஒரு குணம் உண்டு.
கிழிசலின் இரண்டு உதட்டிலும் தடவிவிட்டு
ஏழு நிமிடம் தொடக் கூடாது.
பொறுக்காமல் அழுத்தினால்
ஒட்டின மாதிரி இருக்கும்,
முதல் அலையில் வாய் பிளக்கும்.
மூன்று பூச்சு, மூன்று ஏழு நிமிடம்.
அவ்வளவு நேரமும் சும்மா இருக்க
என் கைகளுக்குத் தெரியும்.

நாக்குக்குத் தெரியாது.

"முப்பது யூரோ" என்பேன்.
வந்தவர் மறுத்திருக்க மாட்டார்,
உடையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.
அந்தச் சின்ன இடைவெளி எனக்குப் பள்ளம்.
நானே குதிப்பேன்:
"இருபத்தைந்து போதும்."
இன்னும் பேச்சில்லை.
"பழக்கமான ஆள்தானே, இருபது கொடுங்கள்."
யாரும் கேட்காத பேரத்தில்
இரண்டு பக்கமும் நானே பேசி
நானே தோற்று
ஜிப்புக்கு மெழுகையும் கொசுறாகப் போட்டு அனுப்புவேன்.

மார்ச்சில் ஒரு இரவு
பசை டப்பா ரசீது, கரண்டு பில், ஊசி, நூல்
எல்லாவற்றையும் ஒரு அட்டையின் பின்னால் எழுதிக் கூட்டினேன்.
ஒரு முழங்காலுக்குச் செலவு பதினொன்று.
வேலை ஒன்றரை மணி நேரம்.
இருபதில் மிச்சம் ஒன்பது, வரி போனால் ஏழு.
கோடையில் ஐஸ்கிரீம் அள்ளிக் கொடுக்கும்
என் மகள் இயோலாண்டா
என்னைவிட அதிகம் சம்பாதிக்கிறாள்.
"கட்டுபடியாகவில்லை" என்று
வாய்விட்டுச் சொன்னேன், தையல் மெஷினிடம்.
அதற்கும் எண்ணெய் பாக்கி.

அலைச்சறுக்குப் பள்ளிக்கார பால்தசார்
வேனில் பதினாறு உடைகளோடு வந்தான்.
"வழக்கம்போலத்தானே, தெயோலிந்தா?"
"ஒன்றுக்கு முப்பத்தெட்டு."

வந்துவிட்டது.
வெளியே ஒரு கடற்புறா குப்பைத் தொட்டியோடு சண்டை போட்டது.
அவன் ஒரு உடையின் கழுத்தை இழுத்து விட்டான்.
மறுபடி இழுத்தான்.
"ஆனால்" என்ற சொல்
என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.
தொடாதே, தொடாதே, இன்னும் ஈரம்
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
அக்குளில் வியர்த்தது.

"சரி. வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்குமா?"

அவ்வளவுதான்.
கூத்தாட வேண்டியவள்
வேன் மூலை திரும்பும்வரை நின்று
பன்னிரண்டு வருஷத்தைப் பெருக்க ஆரம்பித்தேன்.
கேட்டிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பான்.
அந்தக் கணக்கை நான் இன்னும் முடிக்கவில்லை.
முடிக்கப் போவதுமில்லை.

எல்லோரும் சரி சொல்லவில்லை.
"இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வாங்கலாம்"
என்று ஒரு ஜெர்மன்காரர் சிரித்தார்.
வாங்கட்டும்.
அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை,
அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நவம்பரில் அமீல்கார் வந்தான்.
பாறை இடுக்கில் கொட்டலசு சுரண்டுகிறவன்.
மூன்று வாரமாய்க் கடல் அவனை இறங்க விடவில்லை,
கிழிசலோ இடுப்புவரை.
சும்மா செய்துகொடுக்கலாம் என்று மனம் இளகியது.
இளகியது இரக்கமா, பழைய பயமா
என்று எனக்கே சந்தேகம்.
சீட்டில் முழு விலையை எழுதினேன், எழுபது.
அடியில் எழுதினேன்: கடல் அடங்கிய பிறகு.

படித்தான். மடித்துத் தொப்பிக்குள் செருகினான்.
"உன் வேலை இவ்வளவா?" என்றான்.
"ஆமாம்" என்றேன்.
அதோடு ஒன்றும் சேர்க்கவில்லை.
மேசையில் யாருடையதோ ஒரு முழங்கால்,
இரண்டாம் பூச்சு,
இன்னும் நாலு நிமிடம் இருந்தது.